ஓவர் டிரைவ் - ஒரு சின்னப் பொத்தானின் கதை

கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கமிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகிறவர்கள் தெஹோன் கணவாயைத் தாண்டியாக வேண்டும். அதுவரைக்கும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. தரை மேசை மாதிரி மட்டம், சாலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் ஐந்தாம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை அப்படியே மலையைப் பார்த்து எழும்புகிறது. அந்த ஏற்றத்துக்குக் 'கிரேப்வைன்' என்று பெயர். நூறு அடி போனால் ஆறு அடி உயரும். கணவாயின் உச்சி 4,144 அடி.

1980களில் இந்த ஏற்றத்துக்கு வந்த வண்டிகளில் ஒரு தனி ஜாதி உண்டு. டொயோட்டா பிக்கப் லாரியின் சேஸிஸ் மேல் ஃபைபர் அல்லது அலுமினியத்தில் ஒரு குட்டி வீட்டைக் கட்டியிருப்பார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருக்கும். முன்னால் நான்கே சிலிண்டர் என்ஜின். டால்ஃபின், சன்ரேடர், சினூக், வின்னபேகோ கம்பெனியின் வாரியர் என்று பல பெயர்களில் விற்றது. ஓட்டத் தெரிந்தவர் மலையடிவாரத்துக்கு வந்ததும் ஒரு காரியம் செய்வார். கியர் லீவரில் கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கும் பொத்தானை ஒருமுறை அமுக்குவார். டாஷ்போர்டில் 'ஓ/டி ஆஃப்' என்று ஒரு விளக்கு எரியும். என்ஜின் சத்தம் ஒரு படி ஏறும். அவ்வளவுதான்.

அமுக்காமல் விட்டவர்களும் உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து விட்டவர்கள், பொத்தான் எதற்கென்றே தெரியாமல் விட்டவர்கள் என்று இரண்டு வகை. இரண்டு வகைக்கும் மெக்கானிக் கொடுத்த பில் ஒன்றுதான்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுக் கதை இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ், ஒரு பத்திரிகையாளர், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, ஒரு ஜப்பானியக் கூட்டுக் கம்பெனி எல்லாம் அதில் வருகிறார்கள்.

முதலில், அது என்ன?

கியர் வைத்த சைக்கிளை ஓட்டியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மேட்டில் ஏறும்போது காலை வேகமாகச் சுற்றுவோம், சக்கரம் மெதுவாகச் சுற்றும். மட்டமான ரோட்டில் தலைகீழ். கார் கியர் பாக்ஸும் அதேதான். முதல் கியரில் என்ஜின் இரண்டரை, மூன்று சுற்றுச் சுற்றினால் வெளியே வரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். கியர் ஏற ஏற இந்த விகிதம் குறையும். என்ஜின் ஒரு சுற்று, தண்டும் ஒரு சுற்று என்று வந்தால் அது 'டைரக்ட்' கியர். பழைய கார்களில் கதை அங்கே முடிந்துவிடும். அதையும் தாண்டி, என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு ஒரு சுற்றுக்கு மேல் சுற்றினால் அதுதான் ஓவர் டிரைவ். 0.69, 0.70 என்றெல்லாம் எழுதுவார்கள். தண்டு ஒரு சுற்று முடிக்க என்ஜின் 0.7 சுற்றுச் சுற்றினால் போதும் என்று அர்த்தம். இன்றைக்கு ஐந்து கியர் உள்ள பெரும்பாலான கார்களில் ஐந்தாவது கியர் ஓவர் டிரைவ்தான். யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை.

பெயரைக் கேட்டால் அதிவேகத்துக்கான கியர் போலத் தோன்றும். உண்மையில் அது சோம்பேறிக் கியர். வண்டியின் வேகம் குறையாமல் என்ஜினின் வேகத்தை மட்டும் குறைப்பதுதான் அதன் வேலை. சத்தம் குறையும், தேய்மானம் குறையும், பெட்ரோல் குறையும். கூடவே சக்கரத்துக்குப் போகும் இழுவையும் குறையும். இந்தக் கடைசி வரியை மறந்தவர்கள்தான் இந்த வரலாறு முழுக்க மாட்டிக்கொள்கிறார்கள்.

பணக்காரர்களின் புகார்

1907-இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் புகழ்பெற்ற 'சில்வர் கோஸ்ட்' கார் வந்தது. அதன் ஆரம்ப மாடல்களில் நான்கு கியர். மூன்றாவது டைரக்ட், நான்காவது ஓவர் டிரைவ். சமதளத்தில் ஓட வேண்டிய கியர் அது. ஆனால் அந்தக் காலத்தில் கியர் மாற்றுவது பெரிய வித்தை. பல்லோடு பல் உரசிக் கடகடவென்று சத்தம் வரும். அதனால் ஒருமுறை மேல் கியரில் போட்டால் மேடோ பள்ளமோ அப்படியே ஓட்டுவதுதான் வழக்கம். ஓவர் டிரைவில் மேடு ஏறினால் எந்த என்ஜினும் முனகத்தான் செய்யும். உலகத்தின் சிறந்த கார் என்று பெயர் வாங்கிய கம்பெனிக்கு முனகல் பிடிக்குமா? 1909-இல் அந்த நான்காவது கியரையே எடுத்துவிட்டு மூன்று கியர் பெட்டி வைத்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் சாதாரண விஷயம். 1912-இல் ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைப் போட்டி நடந்தது. ஜேம்ஸ் ராட்லி என்பவர் தன் சொந்த ரோல்ஸ் ராய்ஸில் போனார். காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்து ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. மூன்றே கியர் என்பதால் முதல் கியரின் விகிதம் அந்த ஏற்றத்துக்குப் போதவில்லை. கம்பெனிக்கு மானப் பிரச்சினை. அடுத்த வருடம் நான்கு கியர் உள்ள கார்களைத் தயார் செய்து ஒரு குழுவையே அனுப்பிப் பெயரை மீட்டார்கள். இந்த முறை கூடுதல் கியர் வந்தது மலைக்காக.

கியர் விகிதம் என்பதே பங்காளிச் சண்டை மாதிரிதான். மலைக்குக் கொடுத்தால் சமதளம் கோபிக்கும், சமதளத்துக்குக் கொடுத்தால் மலை கோபிக்கும். இரண்டுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் கியர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். அல்லது ஒரு கியரை 'வேண்டும்போது மட்டும்' என்று தனியாக வைக்க வேண்டும். இரண்டாவது யோசனைதான் ஓவர் டிரைவாக வளர்ந்தது.

இழுக்கும் குமிழ், தட்டும் சுவிட்ச்

1930களில் அமெரிக்காவில் சாலைகள் நன்றாகிவிட்டன. என்ஜின்கள் ஆகவில்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் அதிகம். பேரிங்குகள் மென்மையான உலோகம். மணிக்கணக்கில் வேகமாகச் சுற்றினால் தாங்காது. 1934-இல் கிரைஸ்லர், டிசோட்டோ கம்பெனிகளின் 'ஏர்ஃப்ளோ' கார்களில் போர்க்-வார்னர் கம்பெனி செய்த ஓவர் டிரைவ் வந்தது. (ஏர்ஃப்ளோ கார் விற்பனையில் படுதோல்வி. அதன் உருவம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த இந்தச் சாமான் பிழைத்துக்கொண்டது.) கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் 'பிளானட்டரி' பல்சக்கரங்கள் - நடுவில் சூரியன் மாதிரி ஒன்று, அதைச் சுற்றிக் கிரகங்கள் மாதிரி சில, எல்லாவற்றையும் சுற்றி ஒரு வளையம். குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை ஒரு கணம் எடுத்தால் போதும். பெட்டி தானாக ஓவர் டிரைவுக்கு மாறிவிடும்.

பின்னால் வந்த பல மாடல்களில் இதற்கு ஒரு விசித்திரக் குணம் இருந்தது. ஓவர் டிரைவ் தயார் நிலையில் இருக்கும்போது வண்டி வேகம் குறைந்தால், சைக்கிளில் பெடல் போடாமல் உருளுவது போல 'ஃப்ரீ வீல்' ஆகிவிடும். ஏற்றத்தில் பரவாயில்லை. இறக்கத்தில்? என்ஜின் பிடிமானமே கிடையாது. பிரேக் ஒன்றுதான் கதி. அந்தக் காலத்து டிரம் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் வைத்தார்கள். மலைப்பாதை வருமுன் அதை இழுத்துவிட்டால் ஓவர் டிரைவ் முழுக்க விலகிவிடும், வண்டி பழைய மூன்று கியர் வண்டியாகிவிடும்.

கவனித்தால், 1980களின் டொயோட்டா பொத்தானும் இந்தக் குமிழும் ஒன்றுதான். சமதளம் முடிகிறது, மலை தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய அன்றைக்கு எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. டிரைவர்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் கேப்டன் டி நார்மன்வில் என்பவர் வேறு வகையில் போனார். அவர் என்ஜினியர், கூடவே மோட்டார் பத்திரிகையாளரும். அவருடைய வடிவமைப்பை ஷெஃபீல்டு நகரின் லேகாக் கம்பெனி தயாரித்தது. 1948-இல் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரில் வந்தது. எண்ணெய் அழுத்தத்தால் ஒரு கூம்பு வடிவ கிளட்சை நகர்த்தும் முறை. ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், கிளட்ச் மிதிக்காமலே மாறும். ட்ரையம்ஃப், ஜாகுவார், எம்.ஜி., வால்வோ என்று எல்லோரும் வாங்கிப் பொருத்தினார்கள். 1959-இல் எம்-1 மோட்டார்வே திறந்தபோது அதன் அருமை தெரிந்தது. ஊர்ச் சாலைக்காகச் செய்த சின்ன என்ஜின்களை முழு வேகத்தில் மணிக்கணக்கில் விரட்டியவர்களின் வண்டிகள் ஓரத்தில் நின்று புகைந்தன. ஓவர் டிரைவ் வைத்திருந்தவர் நிதானமாகப் போனார்.

அமெரிக்காவிலோ நிலைமை மாறியது. போருக்குப் பிறகு பெட்ரோல் மலிவு, என்ஜின் பெரிது, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மோகம். எட்டு சிலிண்டர் இருக்கும்போது சிக்கனம் யாருக்கு வேண்டும்? 1960களில் ஓவர் டிரைவ் மெல்ல மறக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973-இல் கொண்டுவந்த அந்த அழகான ஜி.எம்.சி. மோட்டார் ஹோமுக்குக்கூட 455 கன அங்குல என்ஜினும் மூன்றே மூன்று கியரும்தான்.

வந்த நேரம் சரியில்லை. அதே 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன.

பெட்ரோல் விலை எழுதிய டிசைன்

அமெரிக்காவில் 1973-இல் ஒரு கேலன் பெட்ரோல் சராசரி 39 சென்ட். 1981-இல் 1.30 டாலரைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தவை: 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் வேக வரம்புக்குக் கையெழுத்திட்டார். 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கார் கம்பெனிகளின் சராசரி 1978-இல் கேலனுக்கு 18 மைல், 1985-இல் 27.5 மைல் என்று இலக்கு வைத்தது.

ஒரு கம்பெனியின் மொத்தச் சராசரியையும் கூட்ட மலிவான வழி எது? புது என்ஜின் செய்வது பெருஞ்செலவு. காரைச் சின்னதாக்குவது அதைவிடப் பெருஞ்செலவு. ஏற்கனவே இருக்கும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கோடு நான்காவதாக ஒரு ஓவர் டிரைவ் சேர்ப்பது ஒப்பிட்டால் மலிவு. ஃபோர்டு 1980 மாடல்களில் சேர்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1981, 1982-இல் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தது. எல்லாவற்றிலும் கடைசி விகிதம் 0.67 முதல் 0.70-க்குள்தான்.

ஜப்பானில் இந்த வேலை இன்னும் முன்பே நடந்திருந்தது. 1969-இல் அங்கே அய்சின்-வார்னர் என்று ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கியது. பாதி ஜப்பானின் அய்சின் சேய்கி. மீதிப் பாதி... ஆமாம், ஏர்ஃப்ளோவுக்கு ஓவர் டிரைவ் செய்த அதே போர்க்-வார்னர்! இவர்கள் டொயோட்டாவுக்காகச் செய்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கின் முன்பக்கத்தில் தனியாக ஒரு பிளானட்டரி ஓவர் டிரைவ் பெட்டியைச் சேர்த்தார்கள். ஏ-43டி என்ற மாடலில் விகிதம் 0.69. குமிழுக்குப் பதிலாக லீவரில் ஒரு மின்சாரப் பொத்தான். 1934-இன் யோசனை உலகத்தைச் சுற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கே திரும்பி வந்தது.

இதே காலத்தில்தான் பெரிய மோட்டார் ஹோம்களின் விற்பனை படுத்துவிட்டது. கேலனுக்கு ஏழெட்டு மைல் கொடுக்கும் வண்டியில் சுற்றுலா போக யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த இடைவெளியில் டொயோட்டா சேஸிஸ் குட்டி வீடுகள் நுழைந்தன. பிக்கப் லாரி சிக்கனமானது, நம்பகமானது. ஆனால் அது சுமக்கச் செய்யப்பட்ட எடை வேறு, அதன் தலையில் ஏற்றிய வீட்டின் எடை வேறு. தொடக்க கால வண்டிகளில் பின் அச்சே தாங்காமல் திரும்ப அழைத்துக் கனமான அச்சு மாற்ற வேண்டிவந்தது. அச்சுக்கு அந்தக் கதி என்றால் கியர் பாக்ஸுக்கு?

கணக்கு (பிடிக்காதவர்கள் தாண்டிவிடலாம்)

1980களின் பிற்பாதியில் வந்த 22-ஆர்.இ. என்ஜினை எடுத்துக்கொள்வோம். 2.4 லிட்டர், உச்ச சக்தி 110 குதிரைத்திறனை ஒட்டி. அதன் இழுவை உச்சத்தில் இருப்பது சுமார் 2,800 ஆர்.பி.எம்.மில். வண்டியின் முழு எடை 2,700 கிலோ, பின் அச்சு விகிதம் 4.10 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் டைரக்ட் கியரில் என்ஜின் சுமார் 3,000 சுற்று. ஓவர் டிரைவில் சுமார் 2,080.

3,000 சுற்றில் இந்த என்ஜின் தரக்கூடியது அதிகபட்சம் ஏறக்குறைய 80 குதிரைத்திறன். 2,080-இல் ஏறக்குறைய 50. இப்போது செலவுப் பக்கம். பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்த வீட்டைக் காற்றுக்குள் தள்டி, டயர் உருளும் தடையையும் சமாளித்து, மட்டமான ரோட்டில் 90-இல் போகவே சுமார் 50 குதிரைத்திறன் வேண்டும். அதாவது வரவும் செலவும் சமம், கையில் மிச்சம் பூஜ்யம்! எதிர்க்காற்று கொஞ்சம் அடித்தால் பற்றாக்குறை பட்ஜெட். கிரேப்வைன் மாதிரி ஆறு சதவீத ஏற்றம் வந்தால், எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் இன்னொரு 50 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். அங்கே டைரக்ட் கியரே போதாது. இரண்டாவது கியருக்கு இறங்கி, வேகத்தையும் விட்டுக்கொடுத்து, வலது ஓரத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்ந்துதான் போக வேண்டும்.

(மேலே சொன்னவை காகிதக் கணக்கு. டயர் அளவு, அச்சு, கூரையில் ஏற்றிய சாமான் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். 1980களின் கடைசியில் ஆறு சிலிண்டர் என்ஜின் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் தேவலை.)

பற்றாக்குறை வந்தால் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் என்ன செய்யும்? டிரைவர் காலை அமுக்குவார். பெட்டி மூன்றாவது கியருக்கு இறங்கும். வேகம் கூடும். கால் லேசாகத் தளரும். உடனே 'ஆஹா, சமதளம் வந்துவிட்டது' என்று நினைத்து மறுபடி ஓவர் டிரைவுக்கு ஏறும். வேகம் குறையும். மறுபடி இறங்கும். நிமிடத்துக்கு இரண்டு முறை இந்தக் கூத்து. இதை மெக்கானிக்குகள் 'ஹண்டிங்' என்பார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே உள்ள கிளட்ச் தகடுகள் வழுக்கிப் பிடிக்கும், கொஞ்சம் தேயும், கொஞ்சம் சூடேறும். என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும், என்ஜின் மெதுவாகச் சுற்றிச் சுமை அதிகமாக இருக்கும்போதுதான் அதிகம் வழுக்கும். வழுக்கலில் வீணாகும் சக்தி அத்தனையும் சூடு. கியர் எண்ணெயின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று ஒரு தொழில் கணக்கு உண்டு. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகிக் கருகல் வாசனை வீசினால், பெட்டியைப் பிரிக்கும் நாள் வந்துவிட்டது.

பெட்ரோலாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. ஓவர் டிரைவில் மேடு ஏற ஆக்சிலரேட்டரைக் கிட்டத்தட்டத் தரை வரை மிதிக்க வேண்டும். அந்த நிலையில் என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளவும் சக்தி கூட்டவும் கலவையில் பெட்ரோலை அதிகமாக்கிவிடும். சிக்கனக் கியரில் இருந்துகொண்டு சிக்கனமே இல்லாமல் ஓடும்.

பி.காம். புத்தகத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். கையில் இருந்து காசு போகாது, ஆனால் செலவு நடந்துகொண்டே இருக்கும். ஓவர் டிரைவ் விஷயத்தில் சரியாக இதுதான் நடந்தது. பெட்ரோல் மிச்சம் பங்க்கில் கண்ணுக்குத் தெரியும். ஓவர் டிரைவ் இருந்தால் கேலனுக்கு 15 மைல், இல்லாவிட்டால் 13.5 என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் மைலுக்கு மிச்சம் 74 கேலன். 1981 விலையில் நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. கியர் பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்க அதைப்போல் பல மடங்கு ஆகும். அதுவும் பெரும்பாலும் ஊரில் ஆகாது. எங்கோ பாலைவனத்து ஓரத்தில், இழுவை வண்டிக் கூலியும் சேர்த்து ஆகும். அப்படியானால் பொத்தானை எப்போதும் அணைத்தே வைத்துவிடலாமா? அதுவும் நஷ்டம்தான். மட்ட ரோட்டில் நாள் முழுக்க 3,000 சுற்றில் ஓட்டினால் பெட்ரோல் மட்டுமில்லை, என்ஜினும் காதும் தேயும்.

ஆகவே அந்த வண்டிக்காரர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டது நடுவழி. வண்டி நன்றாகச் சூடான பிறகு, 80 கி.மீ.க்குப் பக்கத்தில் சீரான வேகம், மட்டமான சாலை, பின்காற்று அல்லது காற்றே இல்லை என்றால் ஓவர் டிரைவ். (என்ஜின் சூடாகும்வரை ஓவர் டிரைவ் வராதபடி டொயோட்டாவே தடுத்து வைத்திருந்தது. இது தெரியாமல் காலையில் 'கியர் போய்விட்டது' என்று பயந்தவர்களும் உண்டு.) ஊருக்குள் நின்று நின்று போகும்போது வேண்டாம். எதிர்க்காற்றில் வேண்டாம். ஏற்றத்தில் நிச்சயம் வேண்டாம். அதுவும் பெட்டி திணறி இறங்கும்வரை காத்திருக்காமல், ஏற்றம் கண்ணில் பட்டதுமே பொத்தானை அமுக்கிவிட வேண்டும். இறக்கத்தில் ஏற்றத்தைவிட முக்கியம். ஓவர் டிரைவில் என்ஜின் பிடிமானம் மிகக் குறைவு. பொத்தானை அமுக்கி மூன்றாவது, தேவைப்பட்டால் இரண்டாவது கியருக்கு வந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் பிழைக்கும். கிரேப்வைன் இறக்கத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே மணல்மேட்டுப் பாதைகள் வைத்திருக்கிறார்கள். சும்மா வைக்கவில்லை.

மேனுவல் கியர் வாங்கியவர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் தேவைப்படவில்லை. ஐந்தாவது கியரில் என்ஜின் முனகினால் கை தானாக நான்காவதைத் தேடும். ஆட்டோமேட்டிக்கின் சிக்கலே அதுதான். 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி விற்ற பெட்டி, ஒரே ஒரு முடிவை மட்டும் சத்தமில்லாமல் டிரைவரிடம் விட்டுவைத்திருந்தது. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

பொத்தான் போன இடம்

கம்பெனிகளுக்கும் இது புரியாமல் இல்லை. 1999-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் புது சில்வராடோ பிக்கப்பில் 'டோ/ஹால்' என்று ஒரு பொத்தான் வைத்தது. பாரம் இழுக்கிறோம் என்று டிரைவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கியர் மாறும் நேரத்தைப் பெட்டியே தள்ளிப்போட்டு ஹண்டிங்கைத் தவிர்க்கும். 2003-இல் ஃபோர்டின் கனரக வண்டிகளுக்கும் வந்தது. ஓவர் டிரைவை ஒரேயடியாக வெட்டாமல், வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்தும் முறை. 2017-இல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்குப் பத்து கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோது அதில் ஏழாவது கியர் டைரக்ட். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே ஓவர் டிரைவ்! ஏற்றத்தில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இறங்குவது டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

டொயோட்டா குட்டி மோட்டார் ஹோம்கள் 1993 வாக்கில் நின்றுபோயின. பெட்ரோல் மறுபடி மலிவாகி, மக்கள் பெரிய வண்டிகளுக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனால் என்ஜின் நல்ல ஜாதி என்பதால் முப்பது வயதைத் தாண்டியும் பல வண்டிகள் சாலையில் இருக்கின்றன. கைமாறும்போது புது ஆளிடம் பழைய ஆள் சொல்லிக் கொடுப்பவை பெரும்பாலும் மூன்று. பின் அச்சு எது என்று பார், கூரை ஒழுகுகிறதா என்று பார், மலைக்கு முன்னால் கட்டைவிரலால் அதை அமுக்கு.